எம்எக்ஸ்-5 காருக்கு சூப்பர்சார்ஜரா, டர்போவா? டர்பனிலிருந்து ஓர் ஐயம்

சாட்ஸ்வொர்த் சிறகன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2000ஆம் ஆண்டின் மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று இருக்கிறது. இரண்டாம் தலைமுறை, 1.8 லிட்டர் எஞ்சின், ஐந்து கியர், 9.5க்கு 1 என்ற அமுக்க விகிதம். எஞ்சின் இதுவரை திறக்கப்பட்டதில்லை. ஆயிரத்துச் சொச்சம் கிலோ எடையுள்ள இந்தச் சிறிய காரை வளைவுகளில் ஓட்டும்போது எனக்கு எந்தக் குறையும் தெரிவதில்லை. ஆனால் பைன்டவுனைத் தாண்டி ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் ஏறும்போதும், ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கு வழியாகப் போகும் பழைய சாலையில் லாரியை முந்த வேண்டியிருக்கும்போதும், இன்னும் கொஞ்சம் இழுவை இருந்தால் நன்றாக இருக்குமே என்ற எண்ணம் ஒவ்வொரு முறையும் வருகிறது.

இப்போது ஏறத்தாழ 100 கிலோவாட் இருக்கும் திறனை 140 அல்லது 145 வரை கொண்டுபோனால் போதும். அதற்கு மேல் ஆசை இல்லை. பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் மாற்றுவதற்குப் பணமும் இல்லை. என் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, மினி கூப்பர் எஸ் காரிலிருந்து கழற்றிய ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜரை வாங்கி, தாங்கிகளைச் செய்து பொருத்துவது. மற்றது, சிறிய டர்போ ஒன்றை வாங்கி, எஞ்சினின் புகையை அதற்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்ட் குழாயை வெல்டிங் செய்து பொருத்துவது. என் வழக்கமான மெக்கானிக் முதலாவதைச் சொல்கிறார். என் அத்தை மகனோ, "டர்பனில் இருந்துகொண்டு டர்போ போடாமல் இருப்பதா, ஊர்ப் பெயரிலேயே பாதி இருக்கிறதே!" என்று கேலி செய்கிறான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அக்காள் லெனேசியாவில் இருப்பதால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்3 நெடுஞ்சாலையில் ஜோகன்னஸ்பர்க் போய் வருகிறேன். அடுத்த ஆண்டு என் வேலையும் அங்கே மாறலாம். இந்த இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது, ஏன் என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மியர்பேங்க் ஸ்பானர்

தம்பி, முப்பது ஆண்டுகளாக எஞ்சின் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். இரண்டும் செய்யும் காரியம் ஒன்றுதான்: எஞ்சின் தானாக உறிஞ்சக்கூடிய காற்றைவிட அதிகமான காற்றை உள்ளே திணிப்பது. எங்கிருந்து சக்தியை எடுத்துத் திணிக்கிறது என்பதில்தான் வேறுபாடு. சூப்பர்சார்ஜர் கிராங்க் தண்டிலிருந்து பெல்ட் வழியாகச் சக்தியை வாங்குகிறது. டர்போ, சைலன்சர் வழியாக வீணாகப் போகும் சூடான புகையின் ஆற்றலை ஒரு சக்கரத்தில் பிடித்துக்கொள்கிறது. ஆகவே டர்போவின் சக்தி முழுவதும் இலவசம் என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல, புகை வெளியேறும் வழியில் ஓர் அடைப்பை வைத்துவிட்டு அதற்குக் கூலி கொடுக்காமல் இருக்க முடியாது. ஆனாலும் கூலி குறைவுதான்.

சூப்பர்சார்ஜரின் கூலியை உங்கள் எஞ்சினுக்கே கணக்கிட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு 7,000 சுற்றில், காற்றழுத்தத்தை ஒன்றரை மடங்காக்க, எம்45 போன்ற ரூட்ஸ் வகை ஊதி (இரண்டு சுழலிகளால் காற்றைத் தள்ளும் சூப்பர்சார்ஜர்) 10 கிலோவாட்டுக்குக் குறையாமல் பெல்ட்டிலிருந்து தின்னும். அதைக் கொடுத்துவிட்டு நீங்கள் வாங்குவது என்னவென்றால், ஆக்சிலேட்டரில் கால் வைத்த கணமே கிடைக்கும் பதில். 2,000 சுற்றிலிருந்தே இழுவை தட்டையாக, ஒரே சீராக ஏறும். 1.8 லிட்டர் எஞ்சினை யாரோ இரவோடு இரவாக 2.5 லிட்டராக மாற்றிவிட்டது போல இருக்கும். எம்எக்ஸ்-5 போன்ற காரில், வளைவின் நடுவில் பின்சக்கரத்துக்கு எவ்வளவு விசை போகிறது என்பதைக் கால் விரலாலேயே அளந்து கொடுக்க வேண்டியிருக்கும். அந்த இடத்தில் சூப்பர்சார்ஜர் கொடுக்கும் நம்பிக்கையை நான் ஓட்டிய டர்போ கார்கள் கொடுத்ததில்லை.

ஆனால் எம்45இன் அளவைப் பற்றி ஒரு எச்சரிக்கை உண்டு. அந்த 45 என்பது கன அங்குலக் கணக்கு. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 0.74 லிட்டர் காற்றை அது தள்ளும். மினியில் அது 1.6 லிட்டர் எஞ்சினுக்காக வைக்கப்பட்டது. உங்கள் எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் 0.92 லிட்டர் கேட்கிறது. அதற்கு மேல் திணிக்க வேண்டுமானால், கிராங்க் ஒரு சுற்று சுற்றும்போது ஊதி இரண்டு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்ற வேண்டும். அதாவது 7,000 சுற்றில் ஊதி 13,000க்கு மேல் போகும். அது எம்45இன் எல்லைக்கு வெகு அருகில். அங்கே அது காற்றை அமுக்குவதைவிடச் சூடாக்குவதில்தான் முனைப்பாக இருக்கும். பழைய மெர்சிடிஸ் கம்ப்ரெசர் கார்களில் வந்த எம்62 கிடைத்தால் அது உங்களுக்குப் பொருத்தம். ஒரு சுற்றுக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் தள்ளுவதால் நிதானமாகச் சுற்றினால் போதும்.

பழைய மினியிலிருந்து கழற்றியதை வாங்குவதாக இருந்தால் அதன் இரு முனைகளிலும் உள்ள பல்சக்கர அறைகளில் எண்ணெய் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். அந்த எண்ணெயை மாற்றும் வழக்கம் பெரும்பாலோரிடம் இல்லாததால் இருபது வயதான ஊதிகளில் வற்றிப்போயிருக்கும். பின்முனை மினியில் தண்ணீர் பம்பை ஓட்டுவதற்காக இருந்தது. உங்கள் காரில் அதற்கு வேலை இல்லை, மூடிவிட வேண்டும்.

டர்பனில் வாழ்கிறவருக்கு என் ஓட்டு சூப்பர்சார்ஜருக்குத்தான். இங்கே காற்று தடிமனாக இருக்கிறது, போக்குவரத்து நெரிசல் இருக்கிறது, வளைவுச் சாலை பக்கத்திலேயே இருக்கிறது.

ஃபீனிக்ஸ் பொடியன்

அண்ணா, இரண்டையுமே போட்டுவிட்டால் சண்டை தீர்ந்துவிடுமே!

மியர்பேங்க் ஸ்பானர்

போடலாம் தம்பி. 1985இல் லான்சியா டெல்டா எஸ்4 ராலி காரில் போட்டார்கள். 2005இல் ஃபோக்ஸ்வாகன் 1.4 லிட்டர் டிஎஸ்ஐ எஞ்சினிலும் போட்டார்கள். கீழ்ச் சுற்றில் சூப்பர்சார்ஜர் ஊதும், 3,500 சுற்றுக்கு மேல் அது ஒதுங்கிக்கொள்ள டர்போ பார்த்துக்கொள்ளும். தொழிற்சாலைக்குப் பொறியாளர் படையே இருக்கிறது. கேள்வி கேட்டவருக்கு ஒரு கராஜும் ஒரு ஜாக்கியும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

லெனேசியா மேட்டான்

ஸ்பானர் ஐயா சொன்னதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் அவர் கடல் மட்டத்திலிருந்து எழுதுகிறார். கேள்வி கேட்டவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இங்கே வருகிறார், அடுத்த ஆண்டு இங்கேயே குடியேறலாம் என்றும் சொல்கிறார். அந்த ஒரு வரி முழுக் கணக்கையும் மாற்றிவிடுகிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுத அனுமதியுங்கள்.

டர்பன் கடற்கரையில் காற்றழுத்தம் ஏறத்தாழ 1.01 பார். ஜோகன்னஸ்பர்க் நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இங்கே அழுத்தம் 0.83 பார்தான். அதாவது ஒவ்வொரு மூச்சிலும் எஞ்சினுக்குக் கிடைக்கும் காற்று ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் குறைந்துவிடுகிறது. உங்கள் 100 கிலோவாட் எம்எக்ஸ்-5 இங்கே வந்து இறங்கும்போது 82 கிலோவாட் காராகத்தான் இறங்குகிறது. என்3இல் ஏறி வரும்போதே கார் சோம்பலாகிக்கொண்டு வருவதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள்.

இப்போது சூப்பர்சார்ஜரை எடுத்துக்கொள்வோம். பெல்ட்டும் புல்லியும் மாறாத விகிதத்தில் இருப்பதால் அது செய்வது ஒரு பெருக்கல் கணக்கு: வந்த காற்றை ஒன்றரை மடங்காக்கும். டர்பனில் 1.01 பாரை 1.52 ஆக்கும். லெனேசியாவில் 0.83ஐ 1.25 ஆக்கும். இழப்பு அதே 18 விழுக்காடு. சாதாரண எஞ்சின் எந்த விகிதத்தில் இழந்ததோ, சூப்பர்சார்ஜர் போட்ட எஞ்சினும் அதே விகிதத்தில்தான் இழக்கிறது. புல்லியைச் சிறிதாக்கி ஈடுசெய்யலாம். ஆனால் அதே புல்லியோடு டர்பனுக்கு இறங்கினால் அங்கே அழுத்தம் அளவு மீறிப்போய் எஞ்சினில் இடிப்பு வரும், அதாவது எரிபொருள் தானாகவே பற்றி வெடிக்கும்.

டர்போ அப்படியில்லை, அதன் வேகம் பெல்ட்டுக்குக் கட்டுப்பட்டதல்ல. காற்று மெலிந்தால் அது இன்னும் வேகமாகச் சுற்றி ஈடுகட்டப் பார்க்கும். வேஸ்ட்கேட் என்ற கதவு எப்போது திறக்கிறது என்பதுதான் அதற்குக் கடிவாளம். இங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். "டர்போவுக்கு மலையும் ஒன்று, கடலும் ஒன்று" என்று சொல்லிவிடுவார்கள். வெறும் ஸ்பிரிங்கால் இயங்கும் வேஸ்ட்கேட்டின் ஒரு பக்கத்தை வெளிக்காற்றுதான் அழுத்திக்கொண்டிருக்கிறது. ஆகவே அது பிடித்துவைப்பது வெளிக்காற்றுக்கு மேலான 0.5 பாரை மட்டுமே. டர்பனில் மொத்த அழுத்தம் 1.51, இங்கே 1.33. இழப்பு 12 விழுக்காடு. சூப்பர்சார்ஜரைவிடக் குறைவு, ஆனாலும் இழப்பு இழப்புதான். அந்த இழப்பும் வேண்டாம் என்றால், காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டின் மொத்த அழுத்தத்தை அளந்து வேஸ்ட்கேட்டைக் கட்டுப்படுத்தும் இசியூ என்ற எஞ்சின் கணினியும் சோலனாய்டு என்ற மின்வால்வும் வேண்டும். அப்போது இரு ஊரிலும் 1.5 பாரே கிடைக்கும்.

இது ஏட்டுக் கணக்கு அல்ல என்பதற்கு எங்கள் பக்கத்து கயலாமி பந்தயத் தடமே சாட்சி. கடல் மட்டத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேலே இருக்கும் தடம் அது. ஃபார்முலா 1இல் 1980 வரை ரெனோ அணி மட்டும் 1.5 லிட்டர் டர்போ எஞ்சினோடு வந்தது; மற்றவர்கள் 3 லிட்டர் சாதாரண எஞ்சின்கள். 1979இல் ஜான்-பியர் ஜபூய் அந்த டர்போ காரில் கயலாமியில்தான் முதலிடத்திலிருந்து புறப்படும் தகுதியைப் பெற்றார். ஃபார்முலா 1 வரலாற்றில் ஒரு டர்போ காருக்கு அதுவே முதல் முறை. பந்தயத்தை அவர் முடிக்கவில்லை என்பது வேறு. அடுத்த ஆண்டு ரெனே ஆர்னூ அதே அணிக்காக இங்கே வென்றே விட்டார். 1982இல் அலென் பிராஸ்ட் வென்றதும் இங்கேதான். சாதாரண எஞ்சின்கள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது இவர்களுடையது வாங்கவில்லை. சிறுவனாக வேலிக்கு வெளியே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டவன் என்பதால் கொஞ்சம் நீட்டிவிட்டேன், மன்னியுங்கள்.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு சொல். மேட்டு நிலத்தில் 93 ஆக்டேன் போதும் என்ற வழக்கம் எங்களிடம் இருப்பதற்குக் காரணம், காற்று மெலிந்திருப்பதால் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைந்து இடிப்பும் குறைவதுதான். டர்போவை வைத்து அந்த அழுத்தத்தைத் திரும்பக் கொண்டுவந்தவருக்கு அந்தச் சலுகை இல்லை. இங்கே வந்தாலும் நீங்கள் 95தான் போட வேண்டும். பம்பில் நிற்கும் பையன் பழக்கதோஷத்தில் 93ஐ எடுப்பான்; வண்டியிலிருந்து இறங்கி நின்று பாருங்கள்.

மியர்பேங்க் ஸ்பானர்

மேட்டான் அவர்களின் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். வேலை மாறலாம் என்ற வரியை நான் கவனமில்லாமல் படித்துவிட்டேன். ஆனால் அவர் சொல்லாமல் விட்ட பாதியையும் நான் சொல்லியாக வேண்டும். 0.83 பாரிலிருந்து 1.5க்கு ஏற்ற டர்போ காற்றை 1.8 மடங்கு அமுக்க வேண்டும். அமுக்க அமுக்கச் சூடு ஏறும். 25 டிகிரியில் உள்ளே போகும் காற்று, கம்ப்ரெசரின் திறம் 70 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 100 டிகிரியைத் தாண்டி வெளியே வரும். அதே காற்றைக் குளிர்விக்க வேண்டிய இன்டர்கூலருக்கு வெளியிலிருந்து கிடைப்பதும் மெலிந்த காற்றுதான். ஆகவே இன்டர்கூலரில் சிக்கனம் பார்க்க முடியாது.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். டர்பனின் கோடையில் 30 டிகிரியில் ஒன்றரை மடங்கு அமுக்கினால் டர்போவிலிருந்து 83 டிகிரியில் காற்று வரும்; ரூட்ஸ் ஊதியிலிருந்து ஏறத்தாழ 98 டிகிரியில் வரும், ஏனென்றால் அதன் திறம் 55 விழுக்காட்டைச் சுற்றித்தான். சூப்பர்சார்ஜர் போடுகிறவர்களில் பலர் இன்டர்கூலரே வைப்பதில்லை. 9.5க்கு 1 அமுக்க விகிதமுள்ள எஞ்சினில், நம் ஊர்ப் புழுக்கத்தில், ஃபீல்ட்ஸ் ஹில்லில் கால் எடுக்காமல் ஏறினால் அதன் பலன் பிஸ்டனில் தெரியும்.

டோங்காட் பெரியவர்

நான் எண்பதுகளிலிருந்து டர்போ கார்களோடு குப்பை கொட்டியவன். கொள்கை விவாதம் போதுமான அளவுக்கு நடந்துவிட்டதால், கையில் அழுக்குப் படும் பகுதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எம்எக்ஸ்-5க்கு உலகச் சந்தையில் விற்கும் டர்போ மேனிஃபோல்டுகளில் பெரும்பாலானவை அமெரிக்கக் கார்களை, அதாவது ஸ்டியரிங் இடப்பக்கம் உள்ளவற்றை, மனத்தில் வைத்துச் செய்தவை. அந்த எஞ்சினில் புகை வெளியேறும் பக்கம் இடப்பக்கம். அவர்களுடைய காரில் அந்தப் பக்கத்தில்தான் ஸ்டியரிங் தண்டு இறங்குகிறது. நம் நாட்டுக் காரிலோ அது வலப்பக்கம் இறங்குகிறது. பிரேக் மாஸ்டர் சிலிண்டரும் கிளட்ச் மாஸ்டர் சிலிண்டரும் அதே வலப்பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஆனாலும் படத்தைப் பார்த்து வாங்கிய மேனிஃபோல்ட் காரின் உடலில் இடித்துக்கொண்டு நின்றதை நான் என் நண்பனின் கராஜில் கண்ணால் பார்த்திருக்கிறேன். இடிக்காமல் ஒரு விரல் இடைவெளி கிடைத்தாலும் போதாது. சிவக்கச் சிவக்கக் காயும் டர்பைன் உறைக்குப் பக்கத்தில் போகும் கம்பிகளும் குழாய்களும் கருகிவிடும். வெப்பத் தடுப்புத் தகடும், டர்பைனுக்குப் போர்வையும், குழாய்களுக்கு உறையும் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது.

எண்ணெய்க் குழாய்களிலும் அதே கவனம் வேண்டும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதை எண்ணெய்ப் படலம் ஒன்றுதான் தாங்குகிறது. உள்ளே போகும் குழாய் மெல்லியது, அழுத்தத்தோடு போகும். திரும்பி வரும் குழாய் புவியீர்ப்பை மட்டும் நம்பி, எஞ்சின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்புக்கு வடிய வேண்டும், ஆகவே அது தடிமனாக, மேடு பள்ளம் இல்லாமல் சரிவாக இருக்க வேண்டும். என் முதல் டர்போவில் திரும்பும் குழாயை அழகாக வளைத்துவிட்டேன் என்று பெருமைப்பட்டேன். எண்ணெய் தேங்கி, சீலைத் தாண்டி, சைலன்சரில் நீலப்புகையாக வந்தது. டோங்காட் கடைத்தெருவில் கொசு மருந்து வண்டி வருகிறது என்று சிரித்தார்கள்.

கியர்பாக்ஸைப் பற்றி யாரும் பேசவில்லை. ஐந்து கியர் பெட்டியை உடைப்பது கிலோவாட் அல்ல, முறுக்குவிசை. கனெக்டிங் ராடை வளைப்பதும் அதுவே. சிறிய டர்போ 3,000 சுற்றில் திடீரென முழு அழுத்தத்தையும் கொட்டினால், 145 கிலோவாட் என்ற அடக்கமான எண்ணுக்குள்ளேயே பல்லைக் கழற்றிவிடக்கூடிய முறுக்குவிசை ஒளிந்திருக்கும். ஆகவே மிகச் சிறிய டர்போவாக வாங்காதீர்கள். கொஞ்சம் பெரியதாக வாங்கி, அழுத்தம் 3,500க்கு மேல் மெதுவாக ஏறும்படி இசியூவில் வரைபடம் அமையுங்கள். சூப்பர்சார்ஜருக்கு இந்த நிதானம் இயல்பிலேயே இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என்றாலும் ஜோகன்னஸ்பர்க்கில் வாழப்போகிறவருக்கு நான் டர்போவைத்தான் சொல்வேன். 1905இல் ஆல்ஃபிரட் பூகி என்ற சுவிஸ் பொறியாளர் காப்புரிமை வாங்கிய இந்தக் கருவியை, 1918இலேயே அமெரிக்காவில் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலைமேல் கொண்டுபோய் விமான எஞ்சினில் சோதித்தார்கள். மெலிந்த காற்று அதன் பிறந்த வீடு மாதிரி.

எதை வாங்குவதற்கு முன்னாலும், ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அமுக்குகிறது என்று அளக்கும் கம்ப்ரெஷன் சோதனை ஒன்றைச் செய்யுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். விபத்துக்குப் பிறகு பானட்டைத் திறந்து பார்த்துவிட்டுக் கையை விரித்துவிடுவார்கள்.

சாட்ஸ்வொர்த் சிறகன்

ஐயாமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் நன்றி. கேள்வியை எழுதும்போது சூப்பர்சார்ஜரை வாங்குவதென்று பாதி முடிவே செய்திருந்தேன். மேட்டான் அண்ணாவின் பெருக்கல் கணக்கையும் கூட்டல் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த பிறகு மனம் மாறிவிட்டது. 0.5 பார் டர்போ, மொத்த அழுத்தத்தை அளக்கும் இசியூ, நல்ல இன்டர்கூலர் என்று முடிவெடுத்தேன்.

ஆனால் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. பெரியவர் சொன்னபடி சனிக்கிழமை கம்ப்ரெஷன் சோதனை செய்தேன். எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்திக்கொண்டு சுற்றவிட்டேன். முதல் சிலிண்டர் 12.4 பார், இரண்டாவது 12.5, மூன்றாவது 9.6, நான்காவது 12.3. மூன்றாவதை மூன்று முறை பார்த்தேன், மாறவில்லை. இது என்ன?

லெனேசியா மேட்டான்

உங்கள் மற்ற மூன்று எண்களையும் பார்த்து எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நல்ல எஞ்சினிலேயே எங்கள் ஊரில் மீட்டர் 10ஐ ஒட்டித்தான் காட்டும், உள்ளே போகும் காற்றே குறைவல்லவா. ஆகவே 9.6 என்ற எண்ணைவிட மற்ற மூன்றோடு அதற்குள்ள இடைவெளிதான் கவலைக்குரியது. இந்த நிலையில் எதையும் பொருத்தாதீர்கள்.

மியர்பேங்க் ஸ்பானர்

மூன்றாவது சிலிண்டருக்குள் பிளக் ஓட்டை வழியாக ஒரு கரண்டி எஞ்சின் ஆயிலை ஊற்றி மறுபடி அளந்து பாருங்கள். எண் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. எண்ணெய் அந்த இடுக்கை அடைத்துவிட்டது என்று பொருள். ஏறாவிட்டால் வால்வு. பிறகு அந்தச் சிலிண்டரின் பிஸ்டனை, வால்வுகள் எல்லாம் மூடியிருக்கும் அமுக்க உச்சியில் நிறுத்தி, வண்டி நகராமல் பிடித்துக்கொண்டு, பிளக் ஓட்டை வழியாகக் கம்ப்ரெசரிலிருந்து காற்றைச் செலுத்திக் காதை வையுங்கள். ஆயில் மூடியில் சீறினால் ரிங், சைலன்சரில் சீறினால் வெளிப்போக்கு வால்வு, காற்று வடிகட்டிப் பக்கம் சீறினால் உள்வாங்கும் வால்வு.

வால்வாக இருந்தால் உடனே ஹெட்டைக் கழற்றிவிடாதீர்கள். உங்கள் ஆண்டுக் காரில் வால்வு இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஹைட்ராலிக் லிஃப்டர் இல்லை. தகட்டை மாற்றி இடைவெளியைச் சரிசெய்யும் வகை. ஓடி ஓடி வால்வு தன் இருக்கையில் அமிழ்ந்து இடைவெளி இறுகிப்போயிருக்கலாம். அப்படி இறுகினால் வால்வு முழுதாக மூடாது; புகை அங்கே கசியும். முதலில் மேல்மூடியைக் கழற்றி இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை வைத்துப் பாருங்கள்.

சாட்ஸ்வொர்த் சிறகன்

ஐயா, எண்ணெய் ஊற்றியும் 9.7க்கு மேல் ஏறவில்லை. காற்றைச் செலுத்தியபோது சைலன்சர் முனையில் பாம்பு சீறுவது போலக் கேட்டது. பக்கத்து வீட்டுத் தாத்தாவே வந்து குனிந்து கேட்டுவிட்டுப் போனார். இன்று மாலை மேல்மூடியைத் திறந்தேன். மூன்றாவது சிலிண்டரின் வெளிப்போக்கு வால்வுகளில் ஒன்றில் ஃபீலர் கேஜின் மிக மெல்லிய இதழ்கூட நுழையவில்லை. மற்றவற்றில் எல்லாம் கையேட்டில் சொன்ன இடைவெளி இருக்கிறது.

மியர்பேங்க் ஸ்பானர்

அப்படியானால் பாதி அதிர்ஷ்டம். அந்த வால்வின் இடைவெளித் தகட்டை எடுத்து அதன் தடிமனை அளந்து, அதைவிட மெல்லியதை வாங்கிப் போட்டு, 200 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி அளங்கள். எண் 12ஐத் தொட்டால் வால்வு பிழைத்தது. தொடாவிட்டால் அதன் விளிம்பு எரிந்திருக்கிறது, ஹெட் கழற்றத்தான் வேண்டும். இந்த வால்வோடு டர்போ போட்டிருந்தால் ஒரு மாதத்தில் அதே விளிம்பு உருகிப்போய், பழி முழுவதும் டர்போமேல் விழுந்திருக்கும்.

சாட்ஸ்வொர்த் சிறகன்

தகட்டுக்குச் சொல்லிவிட்டேன், அடுத்த வாரம் வருகிறது. அதுவரை கார் நகராது என்பதால், பெரியவர் சொன்ன இடைவெளியை அளக்க அட்டையில் டர்போ வடிவத்தை வெட்டி உள்ளே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்கு நான் பார்த்துவைத்த மேனிஃபோல்டின்படி இரண்டு சென்டிமீட்டர் இடிக்கிறது. தாழ்வாகத் தொங்கும் வகை மேனிஃபோல்ட் யாராவது நம் நாட்டுக் காரில் பொருத்தியிருந்தால், எவ்வளவு இடைவெளி கிடைத்தது என்று தயவுசெய்து எழுதுங்கள்.